எந்த வாயும் படாத பழம்

ஆய்வுக்கூடத் தொட்டியில் குழாய் மெல்ல ஒழுகுகிறது. மனைவி பறவை எச்சத்தை டீ வடிகட்டியில் அலசுகிறாள். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருப்பதால் அது டீக்குப் போகாது. அதில் மிஞ்சும் கொட்டைகளைக் கணவன் காலிப்பரில் அளந்து தட்டுகளில் போடுகிறான். பறவைகள் நிறைந்த காட்டிலிருந்து வந்தவை இடது தட்டில் கோலிக்குண்டுகளாக வெயிலில் மின்னுகின்றன. வலது தட்டில், இன்னொரு காட்டிலிருந்து வந்தவை, பட்டாணி அளவுதான். “வேற மரத்துக் கொட்டையைக் கலந்துட்டியா?” என்கிறான். “அதே ஜாதி மரம்தான். அங்க பெரிய பறவையெல்லாம் சுட்டே தீத்துட்டாங்க. மிச்சமிருக்கிற குருவி வாய்க்குச் சின்னதுதான் போகும். அதனால சின்னக் கொட்டை விடுற மரம்தான் பரவுது.” அந்தக் காட்டில் மரத்தடியில் பொறுக்கிய பழம் ஒன்றைப் பையிலிருந்து எடுக்கிறாள். பெரியது; ஒரு பக்கம் பூஞ்சை, எந்த வாயும் படவில்லை. “இது எந்தத் தட்டு?” என்கிறான். “எதுலயும் சேராது. எச்சத்துல வந்ததைத்தானே அளக்கிறோம்.” சதையை நகத்தால் சுரண்டி, கொட்டையைக் கழுவி, முந்தானையில் துடைக்கிறாள். “அதை எங்க எடுத்துட்டுப் போற?” “தாய்மரத்தை விட்டு எங்கயாவது தூரமா.” “நல்லவேளை, நீயே முழுங்கல” என்று சொல்லி, அடுத்த பட்டாணியை அளக்கிறான். அவள் கைப்பையைத் திறக்கிறாள். கொட்டை உள்ளே விழும் சத்தம் கேட்கிறது. பையின் வாய் மூடிக்கொள்கிறது.