பத்தாவது ஆள்

குணா அன்று முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மாதிரி என்ன, முதலாளியேதான். கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையும் காலுக்கு மேல் காலுமாக அவன் அமர்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் அந்தக் கட்டடமே அவனுடையது என்று நினைக்கத் தோன்றும்.

அவனுடைய கம்பெனி, கவரைப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. இரும்பு ஆலைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் துணிக் கையுறைகளை ஒன்பது பெண்கள் அங்கே தைக்கிறார்கள். தைத்த மூட்டைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப்போய் ஆலை வாசலில் இறக்குவது குணா.

அந்த ஆலைதான் இப்போது கறாராகச் சொல்லிவிட்டது. வேலையாட்களைத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிந்து எண் வாங்காதவர்களுக்குத் திங்கட்கிழமை முதல் கேட் திறக்காதாம். கேட் திறக்காவிட்டால் மிஷின்கள் நிற்கும். வண்டித் தவணை நிற்குமா?

கணினி முன் இருந்த இர்பானா அவனை 'அண்ணா' என்றாள். 'சார்' எதிர்பார்த்து வந்தவனுக்கு அதிலேயே கொஞ்சம் சுருதி இறங்கியது.

"மொதலாளி பேரு சொல்லுங்கண்ணா."

தொண்டையைச் செருமிக்கொண்டான். "பேப்பர்ல சுமலதான்னு இருக்கும். எங்க ஊட்ல. சும்மா பேருக்குத்தான்."

பேருக்குத்தான். பெண்கள் பெயரில் தொழில் என்றால் கடனில் சலுகை உண்டு என்று வங்கியில் சொன்ன பிறகு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவன்தான் பெண்டாட்டி பெயரை எழுதாமல் விட்டான்? பலகையில் அவள் பெயர் இருக்கும், உள்ளே நாற்காலியில் இவன் இருப்பான். குணாவுக்கு அந்த நாற்காலி மேல் அப்படி ஓர் ஆசை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் யார் யார் வண்டியையோ ஓட்டி, 'டேய் டிரைவர்' என்று கண்டவனும் கூப்பிடக் கேட்டுப் புளித்துப்போனவன். இனி அந்தப் பெயர் காதில் விழக்கூடாது என்றுதான் கொட்டகையே போட்டான்.

இர்பானா ஆதார் நகல்களை எண்ணினாள். "பத்து பேர் இருந்தாத்தான் எடுத்துக்கும்ணா. ஒரு ஆள் கொறையுது."

சனிக்கிழமை மத்தியானத்தில் ஆளுக்கு எங்கே போவது? சுமலதாவுக்குப் போன் போட்டான். கெத்தாக ஸ்பீக்கரிலும் போட்டான்.

"சுமா, ஒரு ஆளு பத்தலியாம். இன்னா பண்றது?"

மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. "ஏன்யா, நீ இல்ல? வண்டி ஓட்டிக்கினுதான கீற. டிரைவர்னு போடச் சொல்லு."

காலுக்கு மேல் இருந்த கால் தானாகக் கீழே இறங்கியது. இர்பானா துப்பட்டாவை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொதலாளியம்மா வீட்டுக்காரரா இருந்தாலும், சம்பளத்துக்கு வேல செஞ்சா சேக்கலாம்ணா. எவ்ளோ போடட்டும்?"

போகிற மானத்தில் பாதியையாவது மீட்கலாமென்று, "முப்பதாயிரம்" என்றான்.

"அவ்ளோ வாங்குறவங்க இதுல வர மாட்டாங்கண்ணா."

"பதினெட்டு போடும்மா," என்றது போன். "அந்தாளு ஓட்றதுக்கு அதுவே ஜாஸ்தி."

குணாவுக்குச் சுருக்கென்றது. தப்பிக்க வழி தேடியபோது, போன வாரம் வேலை கேட்டு வந்த பெண் சட்டென்று நினைவுக்கு வந்தாள்.

"அந்த ஹெலன் வந்துச்சே. அத்த சேத்துக்கினா பத்து ஆயிடுமே!"

"அத்த அடுத்த மாசம் வரச் சொல்லிட்டேன்."

"ஏன்? ஒரு மிஷினு சும்மாதான கெடக்குது?"

"ஸ்பீக்கர அமத்திட்டு காதுல வெய்யி," என்றாள்.

வைத்தான்.

"ஹெலன் வந்திருந்தா, நீ டிரைவர்னு எழுத ஒத்துக்கினு இருப்பியா? மாமாவுக்கு நாலு அடி நடந்தா மூச்சு வாங்குதுய்யா. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, 'எம்புள்ள இப்பதான் மொதலாளியா ஒக்காந்துகீறான், அவன் துட்ட நான் கரைக்க மாட்டேன்'றாரு. மொதலாளி ஊட்டு ஆளுங்களுக்கு அந்த இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கெடையாது. வேலைக்காரன அண்டி இருக்கிற அப்பாவுக்கு உண்டு. சம்பளத்துல புடிக்கிறாங்க, ஓசி இல்லன்னு சொன்னா மாமா வருவாரு."

தினமும் காலையில் அப்பா வாசலில் நின்று, கொட்டகைக்குக் கிளம்பும் மகனை ஆசை தீரப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே அவன் சட்டைக்கு இஸ்திரி போடுவான். அவர் மூச்சு வாங்குவதை ஒருநாளும் கவனித்ததில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இர்பானா முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

போனை வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்க அப்பாவையும் சேக்கணும்மா. பேரு அப்பாவு. ஆதாரு ஊட்ல கீது, இதோ போய் எடுத்தாறேன். கடைய மூடிடாத."

இர்பானா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒக்காருங்கண்ணா," என்றாள். "அண்ணி காலையிலயே அனுப்பிட்டாங்க."