புது டிவியின் சத்தம்

தள்ளுபடியில் வந்த ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி கூடத்துச் சுவரில் பாதியை விழுங்கியிருந்தது. “இந்த விலைக்குப் படம் சுமாராத்தான் சார் இருக்கும். ஆனா சவுண்டு பிச்சுக்கும்” என்று மாட்ட வந்தவன் சொன்னபோது முரளிதரன் படத்தைப் பார்க்கவே இல்லை. போன வாரம் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி, “சுகந்தி அழுத மாதிரி இருந்துச்சே” என்று கேட்டதிலிருந்து அவன் டிவி டிவி என்றே அலைந்தான். ஆள் போனதும் மனைவி சுகந்தியைக் கூப்பிட்டான். “நான் வெளிய நிக்கறேன். நீ உள்ளேருந்து நல்லா கத்து, பாப்போம்.” சத்தத்தை முழுசாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். திரையில் ஒருத்தி வெங்காயம் வதக்கியபடி சிரித்தாள். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து கத்தாதே என்று மட்டுமே கேட்டிருந்த சுகந்திக்கு முதலில் குரலே எழும்பவில்லை. பிறகு எங்கிருந்தோ வந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கும்வரை நிறுத்தப்போவதில்லை என்பதுபோலத் தொண்டை கிழியக் கத்தினாள். கதவு திறந்தது. இந்த வீட்டுக் கதவுதான். சிரித்த முகமாக வந்த முரளிதரன் அவள் காதருகே குனிந்தான். “ஒண்ணுமே கேக்கல.” சத்தத்தைக் குறைக்காமலே திரும்பிப்போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டான்.