‘ழ’ சிக்கும் மிஷின்

பள்ளிக்கூட ஹாலின் ஓட்டு விளிம்பிலிருந்து சாரல் சொட்டிக்கொண்டிருக்கிறது. தட்டச்சுப் பரீட்சைக்காக இன்ஸ்டிட்யூட்டிலிருந்து மாட்டு வண்டியில் மிஷின்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். வழியெல்லாம் நனைந்ததில், மிஷின்களில் கட்டிய அட்டைகளில் மையால் எழுதிய பெயர்கள் நீலக் கறையாகக் கரைந்து, யாருடையது யாருக்கு என்று தெரியாமல் மாறிக் கிடக்கின்றன. நூருன்னிசா தனக்கு வந்ததை இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறாள். ‘ழ’ மேலே எழுந்து ரிப்பனோடு ஒட்டி நிற்கிறது. விரலால்தான் கீழே இறக்கவேண்டியிருக்கிறது. இன்று தேறாவிட்டால் இனி வகுப்பே வேண்டாம் என்று வாப்பா சொல்லிவிட்டார். அப்போது பின்வரிசையில் யாரோ வரியின் ஓரம்வரை தட்ட, கம்மிய தொண்டையைப் போல ஒரு மணி ஒலிக்கிறது. அவள் தினமும் பழகிய மிஷினின் மணி அது. சட்டென்று திரும்புகிறாள். அதன் முன்னால் பாலம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். போன தடவை தவறிவிட்டு மறுபடி எழுத வந்திருப்பவள்.

“ஏட்டி நூரு, இது ஒன் மிஷின்லா? இங்கன வா, மாத்திக்கிடுவோம்.”

“வேண்டாம்க்கா, இதுல ‘ழ’ சிக்குது.”

“தெரியும்ட்டி. போன தடவ அந்த மூதேவிகிட்டதான் கோட்டைய விட்டேன். இன்னைக்கு அதுவா நானான்னு பாத்திருதேன்.”

கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்திலிருந்து தலையை நிமிர்த்துவதற்குள் பாலம்மாள் இடம் மாறி உட்கார்ந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிடுகிறாள். நூருன்னிசா உட்காரும் நாற்காலியில் பாலம்மாளின் சூடு இன்னும் இருக்கிறது. நூருன்னிசா கண்ணை மூடித் தனக்காக துஆ கேட்கத் தொடங்குகிறாள். உதட்டில் முதலில் வருவது பாலம்மாளின் பெயர்.