முதலைப் பண்ணையில் கேசரி

"நீ கண்டிப்பா வரணும் மச்சான். நீ இல்லன்னா இந்த ட்ரிப்பே இல்ல" என்றான் ஜானகிராமன்.

நரசிம்மனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் இவ்வளவு பாசமாகக் கூப்பிட்டால் யார்தான் மறுப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே செங்கல்பட்டில் ஜானகிராமனின் மாருதி வேன் முன்னால் போய் நின்றான். மகாபலிபுரம் தாண்டி முதலைப் பண்ணை பார்ப்பதாக ஏற்பாடு.

வேனை ஓட்டியது ஜானகிராமன். அவன் மனைவி வசுமதி முன்னால். கம்பெனியில் கல்யாணமாகாத இன்னொரு ஆளான பூபாலன், நரசிம்மனுக்குப் பக்கத்தில். பின் சீட்டில் வசுமதியின் சித்தப்பா மகள் ரோகிணியும், அவளுடைய பக்கத்து வீட்டு அம்சாவும்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வசுமதி டப்பாக்களைத் திறந்தாள். ஒன்றில் கேசரி. இன்னொன்றில் வாழைக்காய் பஜ்ஜி.

"எல்லாம் ரோகிணி கைப்பக்குவம். சாப்ட்டுட்டு எப்படி கீதுன்னு சொல்லுங்கண்ணா."

நரசிம்மனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஊர் சுற்றப் போகிறவர்கள் முறுக்கு கொண்டு வருவார்கள், புளிசாதம் கட்டி வருவார்கள். கேசரியும் பஜ்ஜியும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எத்தனையோ வீட்டுக் கூடங்களில் அந்த ஜோடியைச் சாப்பிட்டவன் அவன். அவனுடைய தொப்பையே பெண் பார்த்த வீடுகளில் சேர்த்த சொத்துதான்.

இனிமேல் பெண் பார்க்க எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தான். அதனால்தான் ஜானகிராமன் சொல்லாமல் கூட்டி வந்திருக்கிறான்! நண்பன் என்றால் இவனல்லவா நண்பன்!

வயது முப்பத்தைந்து. இதையும் விட்டால் இனி கிடையாது. மூச்சை அடக்கித் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ஒரே ஒரு வருத்தம். பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையைவிட லட்சணமானவனைக் கூட அழைத்துப் போகக் கூடாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த மடையன் பூபாலனை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறானே! நல்ல வேளை, பூபாலன் வாயைத் திறக்காத ஆள். பேச்சில் ஜெயித்துவிடலாம் என்று தேற்றிக்கொண்டான்.

முதலைப் பண்ணையில் ஆரம்பித்துவிட்டான்.

"வாயைப் பொளந்துகினு கெடக்குதே, அது கோவத்துல இல்லீங்க. ஒடம்புச் சூட்டைத் தணிச்சுக்குது" என்றான் ரோகிணியிடம்.

"நெஜ முதலையா, பொம்மையாங்க? அசையவே இல்லியே?" என்று கேட்டவள் அம்சா.

"நல்லாப் பாருங்க, மூச்சு வுடுது" என்று சுவரின்மேல் எக்கிக் கையை நீட்டினான். சட்டைப் பையில் சொருகியிருந்த புதுக் கூலிங் கிளாஸ் நழுவி, நேராக முதலையின் தலையில் போய் உட்கார்ந்தது. முதலை அப்போதும் அசையவில்லை. கூட்டம் கூடிவிட்டது.

"உங்களவிட அதுக்குத்தான் பொருத்தமா கீது" என்று அம்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆமாங்க. நான் போட்டப்ப ஒரு நாயும் திரும்பிப் பாக்கல. இப்ப ஊரே நின்னு பாக்குது."

அம்சா இன்னும் பலமாகச் சிரித்தாள். ரோகிணியும் லேசாகப் புன்னகை செய்தாள். நரசிம்மனுக்கு அது போதும். அதற்கப்புறம் ஆமைகளைப் பற்றியும் பாம்புகளைப் பற்றியும் தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டான். தொப்பையை மட்டும் விடவில்லை.

சாயங்காலம் மகாபலிபுரம் கடற்கரையில் டீ குடிக்கும்போது ஜானகிராமன் அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஓகே ஆயிடுச்சு மச்சான்! ரோகிணி சம்மதம் சொல்லிட்டா!"

"நெஜமாவா?" நரசிம்மன் தொப்பையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தான்.

"பூபாலனப் புடிச்சிருக்குன்னு வசுமதிகிட்ட சொல்லிட்டா."

நரசிம்மன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"பூபாலனா? அப்போ நான் இன்னாத்துக்கு?"

ஜானகிராமன் தலையைச் சொறிந்தான். "கோச்சுக்காத மச்சான். போன வாட்டி அவனுக்குப் பொண்ணு பாக்க அவன் தம்பியக் கூட்டிகினு போனோம். பொண்ணு தம்பியப் புடிச்சிருக்குன்னுச்சு. அதான் இந்த வாட்டி கொஞ்சம் உஷாரா..."

மீதி நரசிம்மனுக்கே புரிந்துவிட்டது. காலையிலிருந்து இழுத்துப் பிடித்திருந்த தொப்பையை விட்டான். வேனுக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்தான். அங்கே அம்சா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, பேச்சையே காணோம்?"

"நான்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சுகினு வந்தேங்க. பக்கத்துல நான் நின்னா பூபாலன் எடுப்பாத் தெரிவான்னு கூட்டியாந்திருக்காங்க. அதுக்கு அந்த முதலையையே பக்கத்துல நிக்க வெச்சிருக்கலாம். ஒரு கூலிங் கிளாஸாவது மிச்சமாயிருக்கும்."

காலையிலிருந்து அவன் பேசியதற்கெல்லாம் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை. மிச்சமிருந்த பஜ்ஜியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்டுங்க. நான் சுட்டதுதான். கேசரியும் நான் கிண்டுனதுதான். ரோகிணிக்கு அடுப்பே பத்த வெக்கத் தெரியாது."

"அப்படியா? அப்போ உங்களைச் சமையலுக்குக் கூட்டிகினு வந்தாங்களா?"

"இல்லீங்க" என்று கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள் அம்சா. "உங்கள எதுக்குக் கூட்டியாந்தாங்களோ, அதுக்குத்தான் என்னையும் கூட்டியாந்தாங்க."

நரசிம்மன் முதன்முறையாக அவளை நன்றாகப் பார்த்தான். பிறகு, மெதுவாகத் தொப்பையை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டான்.