சிட்டம்மாள் வீட்டுச் சரித்திரம்

“ஒரு மொறத்தக்கூட எடுக்க வுடல சாமி. அப்படியே இடிச்சித் தள்ளிட்டாங்க.”

செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள் சிட்டம்மாள். நிறைமாதக்காரி. பக்கத்தில் அவள் புருஷன் எல்லப்பன் நின்றான்.

எதிரே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு தாசில்தார். மனு வந்ததால் ஜீப் ஏறி உத்திரமேரூர் ஏரிக்கரைக்கே விசாரிக்க வந்துவிட்டார்.

விவகாரம் இதுதான். சேரிக்கும் மிராசுதார் வேதாசலத்தின் மாந்தோப்புக்கும் நடுவே கிடந்த அந்தத் துண்டு நிலம் சர்க்கார் நத்தம், வீடு கட்டிக் குடியிருக்க ஒதுக்கிய இடம். வருஷத்துக்கு ஒரு முழம் வேலியைத் தள்ளிப் போட்டு, அந்த நிலத்துக்குத் தன் தோப்பில் இடம் கொடுத்துக்கொண்டிருந்தார் வேதாசலம். சிட்டம்மாள் அங்கே குடியிருந்தது நிஜமென்றால் மனை அவளுக்கு. இல்லையென்றால் பிள்ளை பெற்ற பிறகும் அவள் அண்ணன் வீட்டுச் சார்ப்பிலேயே ஒண்ட வேண்டியதுதான்.

வேதாசலம் குடையோடு வரப்பிலேயே நின்றார். சேரிப் பக்கம் கால் வைப்பது அவர் பரம்பரையில் இல்லை.

“உங்களுக்குத் தெரிஞ்ச எடம்தானே இது?” என்றார் தாசில்தார்.

“நல்லா கேட்டீங்க. எனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு கோழி முட்டை வெக்காது.”

கணக்கேட்டோடு தாசில்தார் பக்கத்தில் நின்ற ஊர்க் கர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ சும்மா இருய்யா, எனக்குத் தெரியாததா?” என்று வேதாசலம் கையமர்த்தினார்.

“எப்படிப்பட்ட வீடும்மா?” என்று சிட்டம்மாளைக் கேட்டார் தாசில்தார்.

“ரெண்டு கட்டு ஓட்டு வூடு சாமி. தேக்குக் கதவு. முன்னால ஆறு தூணு. எங்க மாமனாரு கட்டுனது. ஆண்டைதான் ஆளு வுட்டு இடிச்சாரு. அதே மாதிரி கட்டிக் குடுக்கச் சொல்லுங்க, போதும்.”

வேதாசலத்துக்குச் சுருக்கென்றது. சொன்ன விலைக்குக் கறிவேப்பிலைகூட வாங்காத மனிதர் அவர். வளையல்காரி அவர் தெருவுக்குள் நுழையும்போதே விலையை இரட்டிப்பாக்கிக்கொண்டுதான் நுழைவாள்.

“ரெண்டு கட்டா? இன்னாடி கதை வுட்றே? ஒத்த ரூமு.”

“ஒண்ணரைன்னு வெச்சிக்குங்க ஆண்டே. சமையலுக்குத் தனியா ஒரு தடுப்பு இருந்திச்சே.”

“தடுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதே ரூமுல ஒரு மூலையில அடுப்பு.”

“சரி, மூலையிலியே இருக்கட்டும். ஓடு?”

“ஓடாவது. பனையோலை.”

“வாசப்பக்கம் மட்டும் நாலு வரிசை...”

“ஒரு ஓடு கெடையாது. மொத்தமும் ஓலை.”

“தூணு?”

“மூங்கில் கழி. ரெண்டு.”

“தேக்குக் கதவாவது வுட்டுக் குடுங்க ஆண்டே.”

“படலுடி. அதுவும் ஓட்டைப் படலு.”

பேரத்தில் கலந்துகொள்ளாத ஓர் ஆடு, குவியலுக்கு அடியில் மூக்கை நுழைத்துப் பச்சைப் புல்லை இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

“வூடு எப்படியோ போவட்டும். எங்க மாமனாரு ஒயைச்சுக் கட்டுனதுதான?”

“அவன் எங்க கட்டுனான்? எங்க நைனா தானமா குடுத்த ஓலை. அவரு குடுக்கலன்னா வூடு ஏது உங்களுக்கு?”

“அப்படியாப்பட்ட வூட்ட இடிச்சிட்டீங்களே.”

“நான் எங்கடி இடிச்சேன்? போன மழையில தானா வுழுந்துச்சி. என் கண்ணால பாத்தேன்.”

சிட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசிச் சரக்கையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட வியாபாரியின் முகம். “ஆண்டை சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி.”

வேதாசலத்தின் விரல் மீசைக்குப் போனது. இரண்டு கட்டு ஓட்டு வீட்டை ஓலைக் குடிசையாக இறக்கிவிட்டார். அதற்கும் காலணா தர வேண்டியதில்லை.

தாசில்தார் பேனாவை மூடினார். “நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் ஒரே பேச்சுக்கு வந்துட்டீங்க. உங்க அப்பா காலத்துலேர்ந்து வீடு இருந்திருக்கு. மழையில விழுந்திருக்கு. நீங்க கட்டித்தர வேண்டாம். மனை அந்தம்மாவுது. இருந்த எடத்துலயே இருந்த மாதிரி கட்டிக்கட்டும். வேலியை மட்டும் பிரிச்சிடுங்க.”

மீசைக்குப் போன விரல் அங்கேயே நின்றது. கர்ணம் ஏரியை வேடிக்கை பார்த்தார்.

ஜீப் கரையைத் தாண்டியதும் எல்லப்பன் கடப்பாரையை எடுத்தான். குவியலை நாலு பக்கமும் சுற்றி வந்தான். தலையைச் சொறிந்தான்.

“இருந்த மாதிரியே கட்டணும்னுட்டாரே. வாசலு எந்தப் பக்கம்மே வெக்கிறது?”

சிட்டம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலையிலிருந்த செங்கல் பொடியைத் தட்டினாள்.

“என்னியக் கேட்டா? ஆண்டையப் போயி கேளு. அந்த வூட்டப் பாத்தவரு அவரு ஒருத்தருதான்.”