நிற்காத ஆட்டோ

அன்று காலை வீட்டில் மூன்று பேர் இருந்தோம். கதவுக்கு உள்ளே என் மகன் செண்பகராஜன். அவனுடைய ரத்த அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வந்த ஆண் நர்ஸ் டேவிட். கதவுக்கு வெளியே நான்.

மருமகள் ரேணுகா முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

நாள் குறித்தது டாக்டர். அன்றுதான் அம்மன் தேர் என்பது அவருக்குத் தெரியாது.

லாரி மோதி நான்கு வருடம். மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கருவி வைத்து விந்து எடுத்து மருமகளுக்குச் செலுத்தலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் எழுந்து வெளியே போனேன். இதையெல்லாம் காதால் கேட்கும் குடும்பம் அல்ல எங்களுடையது.

உள்ளே கருவியின் இரைச்சல் நின்றது.

கதவு திறந்தது. டேவிட் கையில் மூடிய சிறு டப்பா.

"உடம்புச் சூட்டுலயே வச்சிருக்கணும்ங்கய்யா. ஒரு மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போயிரணும்."

உள்ளிருந்து மகன் குரல். "அப்பாகிட்டயா குடுக்குற? வேணாம் டேவிட்."

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். பனியனுக்குள் மார்போடு வைத்து, கையால் பொத்திக்கொண்டேன்.

தேரடியில் ஆட்டோ மெதுவானது.

பூசாரி பரிவட்டத்தோடு நின்றிருந்தார். முப்பத்தோரு வருடமாக அது முதலில் என் தலைக்குத்தான். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

பங்காளி பெருமாள்சாமி குறுக்கே வந்தான். "எறங்குங்கண்ணே. ஊரே காத்துக் கெடக்குல்ல?"

"நிறுத்தாதப்பா," என்றேன்.

ஆட்டோக்காரர் அவனைச் சுற்றி வண்டியை ஒடித்து ஓட்டினார்.

லேபில் ஒரு பெண் இரண்டு கைகளாலும் வாங்கினாள். பெயர் கேட்டாள். மகன் பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயரை அவள் கேட்கவில்லை. அதையும் சொன்னேன்.

"சூடு அப்படியே இருக்குங்கய்யா," என்றாள்.

நாற்பத்திரண்டு நிமிடம்.

பேத்திக்கு இப்போது பத்து மாதம். தகப்பனின் சக்கர நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கிறாள்.

அவள் பிறந்த அன்று டேவிடுக்கும், லேப் பெண்ணுக்கும், தேடிப் பிடித்து அந்த ஆட்டோக்காரருக்கும் நானே சர்க்கரை கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த வயதில் நான் யார் வாசலுக்கும் போவதில்லை. போனேன்.

பரிவட்டம் இப்போது பெருமாள்சாமிக்குக் கட்டுகிறார்கள். கட்டட்டும்.

ஆனால் ஒன்று. தேர் அன்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்ததாகவும், எனக்கு மாரடைப்பு என்றும் ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு மாரடைப்பு வரவில்லை.