கண்டறிந்தவர்

“எட்டாவதோட நின்னுட்ட. இந்த மெஷின்கிட்ட உனக்கென்னம்மா வேலை?” என்று பொறியாளர் தில்லைநாயகம் ஒருமுறை என்னிடம் கேட்டார். ஓரப்பார்வையை மெல்லப் பறிக்கும் கிளாக்கோமா நோயைத் தானே கண்டறிந்து, லேசரால் தானே சரிசெய்யும் நாற்காலியை எங்கள் கம்பெனிக்காக வடிவமைத்தவர் அவர். அதைத் துடைப்பவள் நான்.

நேற்று அவரே அதில் உட்கார்ந்தார். கண்ணழுத்தம் சரி என்று பச்சை விளக்கு எரிந்தது.

“காபி எங்கம்மா?”

“இடப்பக்கம் சார். அப்பவே வச்சுட்டேன்.”

தலையை முழுக்கத் திருப்பிய பிறகே டம்ளரைக் கண்டார்.

“திரும்ப உக்காருங்க சார். ஓரப்பார்வையையும் பாக்கச் சொல்லுங்க.”

“அதான் பச்சை எரிஞ்சிடுச்சே.”

“இங்க வர்ற நோயாளிங்க இப்படித்தான் சார் தேடுவாங்க.”

உட்கார்ந்தார். விளக்கு சிவந்தது. லேசர் ஓடி முடிந்தது. மிச்சமிருந்த பார்வை பிழைத்தது.

அறிக்கையில் ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்திலிருந்த இயந்திர எண்ணை அழித்து, என் பெயரை இனிஷியலோடு தட்டினார்.